85 நாற்காலிகளின் கணக்கு: கஃபே லீனா, ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போனால் சரடோகா ஸ்பிரிங்ஸ். அங்கே ஃபைலா தெருவில் 47ஆம் எண் கட்டடத்தின் மாடியில், 1960 மே மாதம், பில் ஸ்பென்சரும் அவர் மனைவி லீனாவும் ஒரு காப்பிக்கடை திறந்தார்கள். பில் ஒரு சிற்பி. லீனா, மாசசூசெட்ஸில் குடியேறிய இத்தாலியக் குடும்பத்தில் 1923இல் பிறந்தவர். அவர்கள் போட்ட திட்டத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை. சில வருடம் கடை நடத்திக் காசு சேர்ப்பது, பிறகு மூட்டை கட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடுவது.

காசு சேரவில்லை. 1962இல் பில் கிளம்பிப் போனார், மனைவியை விட்டுவிட்டு. லீனா கடையோடு தங்கினார். 1989இல் அவர் இறந்தார். கடை இன்னும் நடக்கிறது. அமெரிக்காவில் இடைவிடாமல் நடந்துவரும் ஃபோக் (நாட்டுப்புற மரபு) இசைக் காப்பிக்கடைகளில் மிகப் பழையது என்று கஃபே லீனாவைச் சொல்கிறார்கள். இதில் 'இடைவிடாமல்' என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் தொடங்கியவை உண்டு, அதைவிடப் பெரிய பெயர் வாங்கியவையும் உண்டு. அவை மூடின, கை மாறின, பெயர் மாறின.

இந்த இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக பாப் டிலனில் தொடங்கி, லீனாவின் தாயுள்ளத்தில் முடிப்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மாடியில் 85 பேர் உட்காரலாம், மது கிடையாது, பாடுகிறவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்படி ஓர் இடம் எப்படி அறுபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் 29 வருடத்துக்கு அந்த விலையை ஒரே ஒரு பெண்மணி கொடுத்தார். அதைப் பாராட்டிப் பேசுவது எளிது. இன்னொருவர் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சீசன் போன ஊர்

சரடோகாவுக்கு இரண்டு பெருமை. ஒன்று, தாதுநீர் ஊற்றுகள். மற்றது குதிரைப் பந்தயம், 1863இலிருந்து நடப்பது. ஆகஸ்ட் வந்தால் ஊருக்குத் தலைகால் புரியாது. பந்தயம் முடிந்தால் கடைத்தெருவில் ஈ ஓட்டலாம். முன்பு இதோடு சூதாட்டமும் சேர்ந்து ஊரைக் கொழுக்க வைத்தது. 1950, 51இல் செனட்டர் கெஃபாவர் தலைமையில் நாடு முழுக்க நடந்த சூதாட்ட விசாரணைக்குப் பிறகு அதுவும் படுத்துவிட்டது. யுனைடெட் ஸ்டேட்ஸ் ஓட்டலை 1946இலேயே இடித்திருந்தார்கள். உலகத்திலேயே பெரிய ஓட்டல் என்று ஒரு காலத்தில் பேர் வாங்கிய கிராண்ட் யூனியனும் 1950களின் தொடக்கத்தில் தரைமட்டம். ஸ்பென்சர் தம்பதி வந்தபோது பதினாறாயிரம் பேருக்குச் சற்று மேல் வசித்த ஊர் அது, நல்ல நாள் பார்த்து முடித்த ஊர்.

இந்தச் சரிவுதான் கஃபே லீனாவுக்கு முதல் முதலீடு. வாழ்ந்து கெட்ட ஊரில் மாடியறைக்கு யாரும் போட்டி போடுவதில்லை. அதே 1960இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஒரு காப்பிக்கடை நடத்துவதானால் பக்கத்துக் கடையோடும் மாடிவாசியோடும் வாடகையோடும் மல்லுக்கட்ட வேண்டும். இங்கே அந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது, கல்லூரி. ஸ்கிட்மோர் அப்போது பெண்கள் கல்லூரி, 1971இல்தான் ஆண்களைச் சேர்த்தார்கள். பழைய வளாகம் ஊருக்குள்ளேயே, ஃபைலா தெருவுக்கு நடந்து வரும் தூரத்தில் இருந்தது. மாணவிகள் வந்தால் பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வருவார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மது விற்காத இடம் என்பதால் வயதுக் கெடுபிடியும் இல்லை.

மூன்றாவது, வரைபடம். நியூயார்க், பாஸ்டன், கனடாவின் மாண்ட்ரியல் மூன்றுமே சரடோகாவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தொலைவு, 300 கிலோமீட்டரை ஒட்டி. கிதாரைக் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பாடப் போகிறவருக்கு இது எப்பேர்ப்பட்ட வசதி என்பதை, அப்படிப் பயணம் ஏற்பாடு செய்தவர்களுக்கே தெரியும். இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே ஒரு வாரக்கடைசி காலியாகக் கிடந்தால் பாடகருக்கு அது வெறும் செலவு. அந்த ஓட்டையை அடைக்க வழியில் ஓர் ஊர், அங்கே ஒரு மேடை, ஒரு சாப்பாடு, ஒரு படுக்கை இருந்தால் குறைந்த காசுக்கும் வருவார். கஃபே லீனா பெரிய கலைஞர்களைச் சிறிய தொகைக்குப் பிடித்த ரகசியத்தில் பாதி இந்த 300 கிலோமீட்டர்தான்.

மே மாதம் திறந்ததைப் பார்த்தால் கோடைக் கூட்டத்தைக் கணக்குப் பண்ணித்தான் திறந்திருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் பந்தயம் பார்க்க வருகிறவன் இரவில் மாடியேறிக் காப்பி குடித்துக்கொண்டு கப்பல் கவிழ்ந்த கதைப்பாடலைக் கேட்கிற ஆள் அல்ல. கஃபேயின் உண்மையான சீசன் கல்லூரி திறந்த பிறகு, இலை உதிரும்போது தொடங்கி, பனிக்காலம் முழுக்க ஓடியது. ஊரின் சீசனும் கடையின் சீசனும் நேர் எதிர். 1966இல் ஊருக்கு வெளியே பூங்காவில் பிரமாண்டமான திறந்தவெளி அரங்கம் வந்தது, நியூயார்க் சிட்டி பாலேவுக்கும் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவுக்கும் கோடைக்கால வீடாக. கூரைக்கடியில் மட்டும் ஐயாயிரம் இருக்கை. அது வந்தும் லீனாவின் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. இருவரும் ஒரே சந்தையில் இல்லை.

பேச்சை நிறுத்துங்கள்

திறப்பு வாரத்தில் பாடியவர் ஜாக்கி வாஷிங்டன். பாஸ்டன் வட்டாரத்தில் பேர் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர், போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. அன்றைய வழக்கப்படி ஒரு பாடகரை வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை மொத்தமாகப் பேசிவைப்பார்கள். ஒரே ஆள் மூன்று இரவு பாடுவார். முதல் இரவு பத்துப் பேர் கேட்டால் அவர்கள் சொல்லி இரண்டாம் இரவு இருபது பேர் வரலாம். விளம்பரத்துக்குக் காசில்லாத இடத்துக்கு இந்த ஏற்பாடு கைகொடுத்தது. இன்று எல்லோரும் ஓரிரவுக் கச்சேரிக்கு மாறிவிட்டார்கள். வாய்வழிச் செய்தி பரவி முடிவதற்குள் பாடகர் அடுத்த ஊரில் இருக்கிறார்.

இந்த மாதிரி இடத்தில் மௌனம் வேண்டும் என்பதை மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாகவே பேசுகிறோம். அது ஒலிக் கணக்கும்தான். ஒரு கிதாரும் குரலும் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 69, 4 மீட்டரில் 63, 8 மீட்டரில் 57. பக்கத்து மேசையில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டால் அது உங்கள் காதுக்கு 60 டெசிபல் அளவில் வரும். அதாவது கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பாடகரைவிடப் பக்கத்து மேசைக்காரர் உரக்கக் கேட்பார். அறைக்குள் சுவர் எதிரொலித்துக் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் அந்த எதிரொலி பேச்சுக்கும் சேர்த்துத்தான் உதவும். மைக் வைத்துச் சத்தத்தைக் கூட்டலாமே என்றால், கூட்டலாம். கூட்டினால் பேசுகிறவர்களும் தங்கள் குரலைக் கூட்டுவார்கள். மதுக்கூடங்களில் இசை இரைச்சலானது இப்படித்தான்.

மதுக்கூடத்தின் வணிகமும் இதற்கு எதிரானது. அங்கே பாட்டு தூண்டில், குடிதான் மீன். பாட்டு நடக்கும்போது கோப்பை நிரம்பிக்கொண்டே இருந்தால்தான் முதலாளிக்கு லாபம். காப்பிக்கடையில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். எனவே வருமானம் வாசலில் வாங்கும் காசிலிருந்துதான் வந்தாக வேண்டும். காசு கொடுத்து உள்ளே வந்தவர் கேட்கத்தான் வந்திருக்கிறார். மது இல்லை என்ற ஒரே முடிவில் யார் வருவார்கள், எப்படி உட்காருவார்கள், பாடகர் எதைப் பாடத் துணிவார் என்ற மூன்றும் தீர்மானமாகிவிட்டன. பத்து நிமிடம் நீளும் பழைய கதைப்பாடலை, வாத்தியம்கூட இல்லாமல் தனிக்குரலில் பாடுவதற்கு மதுக்கூடத்தில் யாருக்கும் தைரியம் வராது.

இதைப் பரீட்சித்துப் பார்த்த இரவு ஒன்று உண்டு. 1961இல் டிலன் அங்கே பாடினார். இருபது வயது, முதல் இசைத்தட்டு இன்னும் வரவில்லை. கூட்டத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை. கேட்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்கள் தரப்பிலிருந்து மேடையேறி, இந்தப் பையன் என்ன பாடுகிறான் என்று காது கொடுத்துக் கேளுங்கள் என்று சபையைக் கண்டித்தார்கள். ஏறியது பில் என்பார்கள் சிலர், லீனா என்பார்கள் சிலர். ஆய்வுக்கு அது யார் என்பது முக்கியமில்லை. காசு கொடுத்து வந்த வாடிக்கையாளரைக் கடைக்காரரே திட்டுகிறார், பெயர் தெரியாத ஒரு பாடகருக்காக. கேட்டாக வேண்டும் என்பது அந்த மாடியில் சட்டமாக இருந்தது, அதை அமல்படுத்தவும் ஆள் இருந்தது. அடுத்த வருடம் டிலன் மறுபடி வந்தார். அதற்கப்புறம் 85 பேர் அறைக்கு வரக்கூடிய ஆளாக அவர் இல்லை.

இந்த இரவுகள் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு ஜோ ஆல்ப்பர் ஒரு காரணம். பக்கத்து ஊரான ஸ்கெனெக்டடியைச் சேர்ந்த புகைப்படக்காரர், 1968இல் காலமானவர். கேமராவோடு அந்த மேசைகளுக்கிடையே வளையவந்து அவர் எடுத்த படங்களில் பாடகர்களின் முகம் ஒரு கை தூரத்தில் இருக்கிறது. நெருக்கம் என்று எல்லோரும் எழுதுவது என்ன என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி. ஒலிநாடாக்களும் மிஞ்சின. 2013இல் அவற்றிலிருந்து மூன்று குறுந்தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்று வெளிவந்தது. சிறிய அரங்கம் நடத்துகிறவர்கள் பதிவுகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, இன்றைய கச்சேரி ஒப்பேறினால் போதும் என்றிருப்பார்கள். முப்பது வருடம் கழித்து நன்கொடையாளர் முன் போய் நிற்கும்போது கையில் காட்ட இருப்பது அதுதான்.

கல்லாவும் சமையலறையும்

இனி காசு. கஃபேயின் அசல் கணக்குப் புத்தகம் என் கையில் இல்லை, ஆகவே கணக்கின் வடிவத்தை மட்டும் ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். நுழைவுக்கு 2 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவும் 85 நாற்காலி நிரம்பினால் 510 டாலர். பனி கொட்டும் வாரத்தில் பாதி நிரம்பினால் 255. அதில் பாடகருக்குப் பாதி போனால் மிச்சம் 127 டாலர் சொச்சம். வாடகை, சூடாக்கும் எண்ணெய், மின்சாரம், பால், சர்க்கரை, எல்லாம் அதில் அடங்க வேண்டும். நிரம்பிய வாரம் காலியான வாரத்தைத் தாங்க வேண்டும். ஆனால் நிரம்பிய வாரத்திலும் 86ஆவது ஆளை உட்காரவைக்க முடியாது. நல்ல வாரத்துக்கு உச்சவரம்பு உண்டு, கெட்ட வாரத்துக்கு அடி கிடையாது.

1966இல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மேடைக் கலைகளின் நிதிநிலையை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்கள். தொழிற்சாலையில் அதே வேலைக்கு வருடாவருடம் ஆள் குறையும், உற்பத்தி கூடும், கூலியும் கூடும். ஆனால் நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை என்றைக்கும் நான்கு பேர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் பிடிக்கும். ஊரில் கூலி உயர உயரக் கச்சேரியின் செலவு மட்டும் உயரும், அதன் பலன் உயராது. பெரிய அரங்குகள் இருக்கையைக் கூட்டியும் ஒலிபெருக்கி வைத்தும் இசைத்தட்டு விற்றும் இதைச் சமாளித்தன. மாடியறைக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

அப்புறம் எப்படி ஓடியது? லீனா சம்பளம் எடுக்கவில்லை. சம்பளம் எடுக்கிற அளவுக்கு எதுவும் மிஞ்சவில்லை என்பதே சரி. அவரே பாடகர்களைப் பேசிவைத்தார், வாசலில் காசு வாங்கினார், மேடையேறி அறிமுகம் செய்தார், சமைத்தார். கச்சேரி முடிந்ததும் பாடகர்கள் அவர் வீட்டில்தான் சாப்பிட்டார்கள், சீட்டாடினார்கள், கிடைத்த இடத்தில் தூங்கினார்கள். ஓட்டல் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் தொகையைப் பாடகர் கணக்கிலிருந்து இப்படிக் கழித்தால், கையில் கிடைக்கும் சொற்பமும் கட்டுப்படியாகும். விருந்தோம்பல் என்று எல்லோரும் மெச்சுவதைக் கணக்கர் கண்ணால் பார்த்தால், அது ரொக்கத்துக்குப் பதிலாகக் கொடுத்த கூலி. லீனாவின் வீட்டு வாடகையும் உறக்கமும் அந்தக் கூலியில் சேர்த்தி.

அதன் பலனையும் குறைத்துச் சொல்லக்கூடாது. யூட்டா பிலிப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த கொரியாவில் படைவீரராக இருந்து வந்தவர், யூட்டா மாநில ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவர். 1968இல் ஒரு சிறு கட்சியின் சார்பில் செனட் தேர்தலில் நின்று தோற்று, ஊரில் பிழைப்பு இல்லாமல் போய்க் கிழக்கே வந்தார். முப்பதுகளின் நடுவில், பாடித்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலையில், அவரை ஏற்றுக்கொண்டது சரடோகாவும் இந்த மாடியைச் சுற்றியிருந்த கூட்டமும்தான். பாட்டுக்கு நடுவே ரயில்வே தொழிலாளர் கதை, தொழிற்சங்கக் கதை, புளுகுக் கதை என்று அவர் பின்னிய அந்தத் தனிப் பாணிக்குக் கேட்கத் தெரிந்த 85 பேர் வேண்டும். அது இங்கே கிடைத்தது. இடாஹோவில் பிறந்த பாடகி ரோசலி சொரெல்ஸ் வந்தார், கணவரைப் பிரிந்து, ஐந்து பிள்ளைகளோடு. அவருக்கும் லீனாவிடம் இடம் கிடைத்தது. ஒரு பாடகருக்குச் சோறு போடலாம், ஆறு பேருக்குப் போடுவதை எந்த நிறுவனத்தின் விதிமுறையும் அனுமதிக்காது. லீனாவிடம் விதிமுறை இல்லை.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கடன் ஏறும்போதெல்லாம், அங்கே பாடிப் பெயரெடுத்தவர்கள் திரும்பி வந்து உதவிக் கச்சேரி செய்தார்கள். கடை பிழைத்தது. ஆனால் உதவிக் கச்சேரி பழைய கடனை அடைக்கும், புதுக் கடன் ஏறும் காரணத்தை அப்படியே விட்டுவிடும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஃபோக் இசைக்கு மவுசு குறைந்து, வாய்க்கும் வயிற்றுக்குமாக ஓடிய கடை அந்த நிலையிலேயே நின்றது. லீனாவுக்கு வயது மட்டும் ஏறியது. 1989இல், அந்தக் கட்டடத்தின் மாடிப்படியில் விழுந்ததில் ஏற்பட்ட காயத்தால், அக்டோபர் 23 அன்று அவர் இறந்தார். வயது 66.

எல்லாம் ஒருவரே என்றிருந்த கடைக்கு மறுநாள் காலை என்ன ஆகும்? யாருக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தப் பாடகரிடம் எப்படிப் பேச வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

இன்னொரு 47

ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற இடம் ஒன்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கும் கேம்பிரிட்ஜில் 'கிளப் 47'. அதன் பெயர் கதவிலக்கத்திலிருந்து வந்தது, மவுண்ட் ஆபர்ன் தெரு 47. ஆபர்னும் ஃபைலாவும் சொல்லிவைத்தாற்போல் ஒரே எண்ணில் அமைந்தது தற்செயல். 1958 ஜனவரியில் இரண்டு இளம் பெண்கள் அதை ஜாஸ் காப்பிக்கடையாகத் திறந்தார்கள். அந்த வருடமே ஜோன் பயஸ் அங்கே பாடத் தொடங்கினார். பதினெட்டு வயது நிரம்பாத பெண், முதல் இரவில் பெற்றோரும் நண்பர்களுமாக விரல்விட்டு எண்ணும் கூட்டம். அடுத்த வருடம் நியூபோர்ட் ஃபோக் இசை விழாவில் பாடி நாடறிந்தவரானார். கிளப் 47க்கு ஊரெல்லாம் பெயர். 1963இல் பாமர் தெருவுக்கு மாறியபோதும் எண்ணை விடவில்லை.

அங்கேயும் மது இல்லை, அங்கேயும் கேட்கும் கூட்டம், அங்கேயும் சின்ன அறை. ஜாக்கி வாஷிங்டன் உட்படப் பல பாடகர்கள் இரண்டு இடத்துக்கும் பொது. ஆனால் 1968இல் கிளப் 47 மூடியது.

காரணம் தோல்வி என்று சொல்ல முடியாது. வெற்றியே அதற்கு வினையாக வந்தது. நகரத்தின் நடுவில், பத்திரிகைகளுக்கும் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், அங்கே பாடிய உள்ளூர்க்காரர்கள் சீக்கிரமே பெரியவர்களானார்கள். சிகாகோவிலிருந்து முழு ப்ளூஸ் குழுக்களையும் வரவழைத்தார்கள். கேட்டவர்களுக்குப் பெரும் பேறு, கல்லாவுக்குப் பெரும் அடி. ஆறு பேர் கொண்ட மின்கிதார்க் குழுவுக்குக் கொடுக்கும் தொகையை அந்த அறையின் நாற்காலிகள் ஈட்டித் தர முடியாது. அதே நேரம் பாஸ்டனில் ராக் அரங்குகள் திறந்து, இளைஞர் கூட்டம் அங்கே நகர்ந்தது. பெரிய பெயரைப் போட்டால் நஷ்டம், சின்னப் பெயரைப் போட்டால் ஆள் வருவதில்லை என்ற இடுக்கில் மாட்டிக்கொண்டார்கள். பிற்பாடு அதே இடத்தில் பாசிம் என்ற பெயரில் இசை மறுபடி தொடங்கி, இன்றுவரை நடக்கிறது. அது தனிக் கதை.

கஃபே லீனாவுக்கு அந்தச் சோதனை வரவில்லை. சிற்றூரில் இருந்ததால் அதன் பெயர் அறையைவிடப் பெரிதாக வளரவில்லை. டிலனை மறுபடி அழைக்க முடியாது என்பது அங்கே யாரையும் வாட்டவில்லை. பெரியவர்களாகி விட்டவர்களைத் துரத்தாமல் அடுத்து வருகிற பெயர் தெரியாதவருக்குத் தேதி கொடுத்தார்கள். வாரத்தில் ஓர் இரவு, யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம் என்று மேடையைத் திறந்துவிட்டார்கள். நாளைய பாடகரைத் தேடுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை, அன்று பாட வந்தவரின் நண்பர்களால் நாற்காலியும் நிரம்பும். சின்னதாகவே இருப்பது என்று யாரும் தீர்மானம் போட்டதாகத் தெரியவில்லை. பெரிதாக வழியில்லாமல் இருந்தது, அது நல்லதாகப் போயிற்று.

சரடோகாவிலும் ஒரு பழம்பெருமைத் தொல்லை உண்டு. டான் மெக்லீன் தொடக்க காலத்தில் கஃபேயில் பாடியவர். 1971இல் அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்த நீண்ட பாட்டை அவர் சரடோகாவில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து எழுதினார் என்று உள்ளூரில் அடித்துச் சொல்வார்கள். அந்தக் கடை பெயர்ப்பலகையே வைத்தது. இல்லை என்று பாடகரே பின்னாளில் மறுத்துவிட்டார். மதுக்கடை அந்தக் கதையில் வியாபாரம் பண்ணலாம். இசை அரங்கம் அதில் பண்ண முடியாது, அடுத்த வெள்ளிக்கிழமை யார் பாடுகிறார் என்று வாசலில் நிற்பவர் கேட்பார்.

லீனாவுக்குப் பிறகு

1989க்குப் பின் நடந்ததைத்தான் நான் கூடுதல் கவனத்தோடு படிப்பேன். நண்பர்களும் ரசிகர்களும் கூடிக் கடையை லாப நோக்கமற்ற நிறுவனமாக நடத்தினார்கள். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு நேரடிப் பயன் உண்டு: அப்படிப்பட்ட நிறுவனத்துக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு கேட்கலாம், மாநிலக் கலை மன்றங்களிடம் மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நிர்வாகக் குழு வேண்டும், தணிக்கை வேண்டும், கூட்டக் குறிப்பு வேண்டும். லீனா தலைக்குள் வைத்திருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்பு அவர் தனியாகச் செய்ததைத் தன்னார்வலர்கள் பிரித்துக்கொண்டார்கள். வாசலில் ஒருவர், காப்பி பரிமாற ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர். ஒருவரின் வாழ்க்கையாக இருந்தது பலரின் மாலை நேரங்களாக மாறியது. தேர் ஒன்றுதான், இழுக்கிற கைகள் கூடின. 1990களின் நடுவில் பொறுப்பேற்ற சாரா கிரெய்க் நெடுங்காலம் நிர்வாக இயக்குநராக இருந்து இதை ஊன்றவைத்தார். பின்னர் கட்டடத்தையே வாங்கினார்கள்.

கட்டடம் வாங்கியது எவ்வளவு முக்கியம் என்பதை ஊரைப் பார்த்தால் புரியும். வாழ்ந்து கெட்ட ஊர் மறுபடி வாழ்ந்தது. கடைத்தெரு பளபளப்பானது, மனை விலை ஏறியது. 1960இல் மலிவு வாடகைக்கு மாடியறை கிடைத்த இடத்தில் இன்று ஒரு ஃபோக் காப்பிக்கடை தொடங்க யாருக்கும் கட்டாது. தொடக்கத்தில் காப்பாற்றிய ஊரே பின்னாளில் விரட்டியிருக்கும்.

2016இல் பெரிய மராமத்து. பக்கத்து மனையில் கட்டடம் எழுப்பியவர்களோடு கைகோத்து, பழைய கட்டடத்தைக் கிட்டத்தட்ட உள்ளிருந்து திருப்பிக் கட்டினார்கள். அந்த வருடம் டிசம்பரில் மறுபடி திறந்தபோது இருக்கை 85இலிருந்து 110 ஆகியிருந்தது. லிஃப்ட் வந்தது. அதுவரை மாடியேற முடியாதவருக்கு அங்கே கச்சேரி கிடையாது. முழங்கால் வலிக்காரர், சக்கர நாற்காலிக்காரர், அறுபதுகளில் இருபது வயதில் வந்து இப்போது எழுபதைத் தாண்டிவிட்ட பழைய ரசிகர், எல்லோருக்கும் அந்தப் படிக்கட்டு ஒரு தடுப்புச் சுவர். நன்கொடை கொடுக்கும் வயதில் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், லிஃப்ட்டுக்குப் போட்ட காசு தர்மக் கணக்கில் சேராது.

25 நாற்காலியைக் கூட்டியது பெரிதா? என் முந்தைய உதாரணக் கணக்கில் போட்டுப் பாருங்கள். நிரம்பிய இரவின் உச்சவரம்பு ஏறத்தாழ 30 சதவீதம் உயர்கிறது. செலவில் பெரும்பகுதி அப்படியே நிற்கும்: ஒரே பாடகர், ஒரே ஒலி அமைப்பாளர், ஒரே மின்கட்டணம். கடைசி வரிசை இன்னும் பாடகரின் முகம் தெரியும் தூரத்தில்தான். 200 இருக்கை என்று கேட்டவர்கள் இருந்திருந்தால், கிளப் 47இன் கணக்கை அவர்கள் முன் வைத்திருக்க வேண்டும்: 200 பேரை இழுக்கும் பெயர் வேண்டும், அந்தப் பெயருக்குத் தரும் தொகைக்கு 200 போதாது.

2020 மார்ச்சில் தொற்றுக்காக அரங்குகள் மூடியபோது கஃபே சீக்கிரமே நேரலைக்கு மாறியது. ஆளில்லாத மேடையில் பாடகர் பாட, வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் விரும்பியதைக் கொடுத்தார்கள். கேமரா, ஒலிக்கலவை, இணைய இணைப்பு எல்லாம் மராமத்துக்குப் பிறகு கையில் இருந்ததால் இது கைகூடியது. திடீர்ச் சமயோசிதம் என்று புகழ்ந்தார்கள், ஆனால் கருவி நான்கு வருடம் முன்பே தயாராகத் தொடங்கியிருந்தது. அறைக்கு வெளியே இருந்து பார்ப்பவருக்கு உச்சவரம்பு இல்லை. 86ஆவது ஆளுக்கு, இப்போது 111ஆவது ஆளுக்கு, அறுபது வருடம் கழித்து இடம் கிடைத்தது. அவர் கொடுப்பது நாற்காலிக்காரர் கொடுப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் அரங்கம் திறந்த பிறகும் நேரலையை நிறுத்தாமல், துணை வரவாக மட்டும் வைத்துக்கொண்டு, நிகழ்ச்சி நிரலை நாற்காலிகளை வைத்தே போடுகிறார்கள்.